சாக்குக்கு எவ்வளவு கழிக்க வேண்டும்

அன்பு மகனுக்கு,

நீ கேட்ட ரிப்போர்ட்டை எழுத உட்கார்ந்திருக்கிறேன். கோடை விடுமுறைக்குப் பேத்தி யாழினியைக் கொண்டுவந்து விட்ட அன்று, என் ஃபோனைப் பிடுங்கி, சாப்பாட்டைக் கணக்குப் பார்க்கிற மூன்று செயலிகளை ஏற்றிவிட்டு, "ஒவ்வொண்ணையும் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கப்பா. ஒங்களுக்குத்தான் சுகர் இருக்கே. எது நல்லதுன்னு ஒரு ரிப்போர்ட் குடுங்க, அதையே யாழினிக்கு வெயிட் கொறைக்க வச்சிரலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாய். என்னிடம் இதுவரை யாரும் ரிப்போர்ட் கேட்டதில்லை. திண்டுக்கல் வெங்காய மண்டியில் முப்பத்தோரு வருஷம் எடை போட்டவனிடம் எண்ணைத்தான் கேட்பார்கள், அதையும் கத்திச் சொல்லச் சொல்வார்கள். பத்தாம் வகுப்பில் கணக்கில் மட்டும் தேறியவன் நான். நீ 'ஆப்' என்கிறாய், பத்திரிகைகளில் 'செயலி' என்று போடுகிறார்கள். நானும் செயலி என்றே எழுதுகிறேன், படித்தவன் மாதிரி இருக்கும்.

இதில் இரண்டு பிரதி எடுத்திருக்கிறேன். ஒன்று கூரியரில் உனக்கு, இன்னொன்று பத்திரிகைக்கு. அப்பனும் மகனும் பேச வேண்டியதை ஊருக்கு ஏன் சொல்கிறீர்கள் என்று நீ கோபப்படுவாய். காரணம் இருக்கிறது, பின்னால் வரும். ஃபோனில் சொல்லலாம் என்று மூன்று முறை உன்னைக் கூப்பிட்டேன். மூன்று முறையும் "சாப்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நீயும் மூன்று முறையும் "ம்" என்றாய். சாப்பிட்டிருக்க மாட்டாய்.

முதல் வாரச் செயலி முழுக்க ஆங்கிலம். என்ன சாப்பிட்டேன் என்று எழுதினால், எத்தனை 'கப்' என்று கேட்கும். நம் வீட்டில் கப் என்றால் நீ பள்ளிக்கூடத்தில் கோலி விளையாடி வாங்கி வந்த அந்தப் பித்தளைக் கோப்பை ஒன்றுதான். அதில் உங்கம்மா ஊக்கு போட்டு வைத்திருக்கிறாள். ஊக்கைக் கொட்டிவிட்டு, சாம்பாரை அதில் ஊற்றி அளந்தேன். உங்கம்மா பார்த்துவிட்டு, "சாம்பார அளந்து குடிக்கிறதுக்கு ஆஸ்பத்திரிலயே படுத்துக்கிரலாம்" என்றாள். இரண்டாவது செயலிக்கு எழுதக்கூட வேண்டாம், படம் எடுத்தால் போதும் என்றாய். கேப்பைக் களியை எடுத்தேன். சாக்லேட் கேக் என்று சொல்லி, சிவப்பு வட்டம் போட்டு, என்னை ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னது. நடந்தேன். களி தின்றதற்கு நடந்த முதல் ஆள் இந்த ஜில்லாவிலேயே நான்தான். உங்கம்மா வாசலில் நின்று, போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "கேக் தின்னுட்டாராம், அதான் நடக்குறாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவதுதான் யாழினியிடம் நீ கொடுத்தனுப்பிய பழைய ஃபோனிலும் இருந்தது. தமிழ் பேசும். ஒரு பெண் குரல் என்னை "நண்பரே" என்று கூப்பிடும். சொன்னபடி சாப்பிட்டால் பச்சை, மிஞ்சினால் சிவப்பு, சனிக்கிழமை எடை போடாவிட்டால் மஞ்சள். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஐந்து இட்லி தின்றுவிட்டு இரண்டு என்று போட்டேன். "சிறப்பு நண்பரே, தொடருங்கள்" என்றது. ராத்திரிக்குப் புரோட்டா தின்றுவிட்டுக் கோதுமைத் தோசை என்று போட்டேன். ஒரு பச்சை இலை கொடுத்தது. வார முடிவில் பதினோரு இலை சேர்த்துவிட்டேன். சர்க்கரை டெஸ்ட் எடுத்த இடத்தில் ரிசல்ட்டைப் பார்த்த பெண் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இருக்கிறதே, நண்பரைப் பார்க்கிற பார்வை இல்லை அது. முப்பத்தோரு வருஷம் தராசையே ஏமாற்றியவனுக்கு ஒரு ஃபோன் எம்மாத்திரம்?

தராசை ஏமாற்றினேன் என்று எழுதிவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உனக்குப் பதினோரு வயது இருக்கும்போது நீ குண்டாக இருந்தாய். பூசி மெழுகி எழுதினால் நீயே சிரிப்பாய். ஒரு காதுகுத்து வீட்டில் உன் மாமா முறைக்காரர் ஒருவர், பந்தியில் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "மாப்ள, பயலுக்குச் சோறு போடுறீகளா, இல்ல லாரில வந்து எறக்குறீகளா?" என்று கேட்டார். எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து உன்னிடம் கோபப்பட்டேன். அடுத்த சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லாத நாள், உன்னை மண்டிக்குக் கூட்டிப்போனேன். லோடு முடிந்து எல்லாரும் டீக்கு உட்காருகிற நேரம். வெங்காய மூட்டை ஏற்றுகிற அந்தத் தரைத் தராசில் உன்னை ஏற்றினேன். மூட்டைக்குச் சொல்கிற அதே ராகத்தில் கத்தினேன். கணக்குப்பிள்ளையும் பழக்க தோஷத்தில் திரும்பச் சொன்னார். மண்டியே சிரித்தது. நீ தட்டில் நின்றபடியே, "அப்பா, எனக்குச் சாக்கு கழிக்கலையா?" என்று கேட்டாய். மூட்டைக்குச் சாக்கு எடை ஒரு கிலோ கழிப்பதைப் பார்த்திருந்தாய். உன் சட்டை டவுசருக்குக் கழிக்க வேண்டாமா என்பது உன் கேள்வி. நியாயமான கேள்வி. நான் அதை ஒரு ஜோக்காக ஆக்கி, ஆத்தூர் வரைக்கும் போய்ச் சொன்னேன்.

அன்றைக்கு வைத்த பெயர்தான் 'சிப்பம்'. தைத்துக் கட்டிய மூட்டைக்கு மண்டியில் அதுதான் பேர். லோடுமேன் சுருளி வைத்தான் என்று நீ இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருப்பாய். வைத்தவன் நான். சுருளி அதைப் பிரபலப்படுத்தினான், அவ்வளவுதான். அதற்குப் பிறகு எல்லாச் சனிக்கிழமையும் உனக்கு எடை. தூணில் சாக்கட்டியால் எழுதி வைத்தேன். கூடினால் அந்த வாரம் சாயங்காலம் தீனி கிடையாது. நீ செருப்பைக் கழற்றிவிட்டு ஏற ஆரம்பித்தாய். பிறகு டவுசர் பையில் இருந்த கோலிகளை எடுத்து வைத்தாய். பிறகு பெல்ட். ஒருநாள் அரைஞாண் கயிற்றை அவிழ்த்து வைத்துவிட்டு ஏறினாய். அதற்கு மண்டி சிரித்த சிரிப்பில் வெங்காயத் தோல் பறந்தது. நானும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். வெங்காயத்துக்கு நடுவில் நிற்கிறவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தால் யாரும் எதற்கென்று கேட்க மாட்டார்கள், அது ஒரு வசதி.

இப்போது அந்த ஒரு சனிக்கிழமைக்கு வருகிறேன். அதற்கு முந்தைய வாரம் நீ நாற்பத்தெட்டு. அந்த வாரம் நீ வந்தபோது உன் முகம் சுருங்கியிருந்தது. சுருளி பார்த்துவிட்டு, "அண்ணே, பய எளச்சிருக்கான்ணே. மூஞ்சியப் பாருங்க" என்றான்.

"அவனா? ஏலே, அவன் தண்ணியக் குடிச்சாலே ஒரு கிலோ ஏறுவான்."

"பெட்டு வைங்க. தோத்தவன் எல்லாருக்கும் டீ, வடை."

வைத்தேன். பெற்ற பிள்ளை இளைத்திருக்க மாட்டான் என்று பந்தயம் கட்டிய அப்பன் நான். நீ செருப்பு, பெல்ட், கோலி, கயிறு எல்லாம் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு ஏறினாய். மூச்சைக்கூட வெளியே விட்டுவிட்டு நின்றாய். தராசுக் குண்டை நகர்த்தும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. கம்பி நாற்பத்தாறரையில் நின்றது. ஒரு வாரத்தில் ஒன்றரைக் கிலோ. மண்டியில் எடை போடுகிறவனுக்கு ஒரு வித்தை உண்டு. வியாபாரிக்குச் சாதகமாக வேண்டுமானால் தட்டுக்கு அடியில் கால் கட்டைவிரலைக் கொடுத்து லேசாகத் தூக்குவோம், எடை குறையும். கொண்டுவந்தவன் சொந்தக்காரனாக இருந்தால் தட்டின் ஓரத்தில் அதே விரலால் அழுத்துவோம், கூடும். வேட்டி மறைத்துக்கொள்ளும். நான் அழுத்தினேன். "நாப்பத்தொம்பதேய்!" என்று கத்தினேன்.

நீ அழவில்லை. "சாக்கு கழிச்சீங்களாப்பா?" என்று மட்டும் கேட்டாய்.

"கழிச்சாலும் சிப்பம் சிப்பந்தான்டா அப்பு" என்றான் சுருளி, பந்தயத்தில் தோற்ற கடுப்பில். டீயும் பருப்பு வடையும் வந்தன. நீ தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். நான் வடையைப் பிய்த்து உன் மூக்குக்கு நேரே காட்டி, "மோந்து பாத்துக்க. வாசத்துக்கு எடை கெடையாது" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். உன் பங்கையும் சேர்த்து இரண்டு வடையையும் நானே தின்றேன். நல்ல வடை. இப்போதும் அதன் ருசி எனக்கு ஞாபகம் இருக்கிறது, அதுதான் அசிங்கம்.

திங்கட்கிழமை பிரேயரில் நீ மயங்கி விழுந்துவிட்டாய் என்று ஆள் வந்தது. சைக்கிளில் ஓடிவந்தேன். பெஞ்சில் படுக்க வைத்திருந்தார்கள். தூக்கினேன். வருஷக்கணக்காக மூட்டை தூக்கிப் பழகிய கை, தராசு தேவையில்லை, கையே சொல்லும். நாற்பத்தாறுக்கு மேல் ஒரு கிராம் இல்லை. வாத்தியார், "பையன் காலைல சாப்பிடலையாம், ஞாயித்துக்கிழமையும் சாப்பிடலையாம்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒண்ணுமில்ல சார், சிப்பம் சரிஞ்சிருச்சு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நான் பார்த்தவர்களில் என் ஜோக்குக்குச் சிரிக்காத முதல் ஆள்.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரி வந்து, நீ பத்து நாளாக உன் இட்லியை அவள் மாட்டின் கழுநீர்த் தொட்டியில் போட்டுவிட்டுப் போகிறாய் என்று சொன்னாள். உங்கம்மா கரண்டியை எடுத்துக்கொண்டாள். சோற்றைப் பாழாக்கினாய் என்று அவள் அடித்தாள். நான் கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து போய், "அடிக்காத, அவன் எளச்சுத்தான் இருந்தான், நான்தான் விரல வச்சேன்" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். செத்த நேர வேலை. இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

அதன் பிறகு நீ இளைத்தாய். என் வித்தை எதுவும் தேவைப்படாத அளவுக்கு இளைத்தாய். ஊரில் எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். உன் கல்யாணப் பந்தியில் உன் இலையில் வைத்த லட்டை நீ பெண்டாட்டி இலைக்குத் தள்ளினாய். "ஆகா, பொண்டாட்டி மேல என்னா பாசம்" என்றார்கள். எனக்குத் தெரியும், அது பயம். சுருளி கை கழுவுகிற இடத்தில் நின்று, "மாப்ள சிப்பம்!" என்று கூப்பிட்டான். நீ சிரித்தாய். நான் உனக்குச் சொல்லிக்கொடுத்த சிரிப்பு அது. இப்போது நீ சமையலறையில் ஒரு குட்டித் தராசு வைத்துச் சோற்றை நிறுத்துத் தின்கிறாய் என்று மருமகள் சொன்னாள். பெருமையாகத்தான் சொன்னாள். கடைசியில் நீயும் எடை போடுகிற தொழிலுக்கே வந்துவிட்டாய்.

என்னைவிட நீ கெட்டிக்காரன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். நான் வாரத்துக்கு ஒருமுறை எடை போட்டேன், நீ ஒன்பது வயதுப் பிள்ளையின் சோற்றையும் வேளைக்கு வேளை போடுகிறாய். நான் நாற்பது பேர் முன்னால் கத்தினேன், நீ குடும்பக் குழுவில் போடுகிறாய், மலேசியாவில் இருக்கிற சித்தப்பா வரைக்கும் கட்டைவிரல் காட்டுகிறார். நான் தூணில் எழுதினேன், அது மழையில் அழிந்துவிட்டது. உன்னுடையது அழியாது.

யாழினி இங்கே இருந்த மூன்று வாரத்தில் இரண்டு சனிக்கிழமை எடை போடவில்லை. வீட்டில் மிஷின் இல்லை. ஃபோன் மஞ்சளாகிவிட்டது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். உங்கம்மா பணியாரம் ஊற்றினால், ஃபோனைப் பார்த்துவிட்டு, "அப்பத்தா, எனக்கு இன்னைக்கு முடிஞ்சிருச்சு" என்பாள். "எதும்மா முடிஞ்சிச்சு? சட்டில மாவு கெடக்குல்ல" என்று இவள் கேட்பாள். பிள்ளை இவளைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரிப்பாள். மூன்றாவது சனிக்கிழமை அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கு ஒரே ஒரு தராசுதான் தெரியும். மண்டிக்குக் கூட்டிப்போனேன்.

இப்போது அங்கே சிவப்பு எழுத்து ஓடுகிற தராசு. சுருளிக்கு முதுகு கூனிவிட்டது, வாய் கூனவில்லை. "அடேயப்பா, சிப்பத்துக்குப் பெறந்த குட்டிச் சிப்பமா?" என்றான். "வாய மூடுடா நாயே" என்றேன். என்னிடமிருந்து அப்படி ஒரு பேச்சு வரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை, மூடிக்கொண்டான். இந்தப் பக்கம் திரும்பினால் யாழினி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பிறகு தலையில் இருந்த கிளிப். பிறகு குனிந்து இரண்டு கொலுசையும் கழற்றி, வெங்காயத் தோல் மேல் வரிசையாக வைத்தாள். ஏறி நின்று மூச்சை வெளியே விட்டாள். "தாத்தா, டிரெஸ்ஸுக்கு எவ்ளோ கழிக்கணும்?" என்றாள்.

"யாரும்மா சொல்லிக் குடுத்தது?"

"அப்பா. வீட்ல நூத்தம்பது கிராம் கழிப்பாரு."

நீயாவது கழிக்கிறாய். நான் அதையும் கழித்ததில்லை.

முப்பத்தாறு காட்டியது. போன மாதமும் அதே முப்பத்தாறு என்று அவளுக்குத் தெரியும். அவள் முகம் போன போக்கைப் பார்த்தேன். என் கால் எனக்கு முன்னால் முடிவு செய்துவிட்டது. கட்டைவிரல் தட்டுக்கு அடியில் போனது. முப்பத்தி நாலரை. பிள்ளை கைதட்டிக் குதித்தாள், ஃபோனில் எண்ணைப் போட்டாள், பச்சை ஆனது. "அப்ப ஒரு வடை சாப்பிடலாமா தாத்தா?" என்றாள். என்னைக் கேட்கவில்லை, ஃபோனைப் பார்த்துக் கேட்டாள். வாங்கிக் கொடுத்தேன். பாதி தின்றுவிட்டு மீதியைக் காகிதத்தில் சுற்றி, குப்பைத் தொட்டியில் போட்டாள். அப்போது நான் பார்க்கிறேனா என்று திரும்பிப் பார்த்தாள். மாட்டுத் தொட்டிப் பக்கம் நீயும் அப்படித்தான் திரும்பிப் பார்த்திருப்பாய்.

அரை மணி நேரத்தில் குழுவில் உன் செய்தி. "யாழினி ஒன்றரைக் கிலோ குறைத்துவிட்டாள். மூன்றாவது ஆப்தான் பெஸ்ட். அப்பா, அதையே வைத்துக்கொள்ளலாமா?" எல்லாரும் கைதட்டல் படம் போட்டார்கள். மறுநாள் அவள் அம்மா வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டாள். இன்று திங்கட்கிழமை. வருகிற சனிக்கிழமை உன் வீட்டு மிஷினில் அவள் ஏறுவாள்.

ஆகவே ரிப்போர்ட். சர்க்கரை வந்த கிழவனுக்கு அந்த மூன்றில் எதுவும் போதும், பொய் சொல்லாமல் இருந்தால். எனக்கு இரண்டாவதை வைத்துக்கொள்கிறேன், அது களியைக் கேக் என்றாலும் நடக்கவாவது வைக்கிறது. யாழினிக்கு மூன்றுமே வேண்டாம். அவள் எடை சரியா என்று தெரிய வேண்டுமானால் டாக்டரிடம் கூட்டிப்போ, கதவைச் சாத்திக்கொண்டு கேள், வெளியே வந்து யாரிடமும் சொல்லாதே. குழுவில் போட்டதை எடுத்துவிடு. இதைப் பத்திரிகைக்கும் அனுப்புவதற்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும். உன்னை எடை போட்டது நாற்பது பேர் முன்னால். விரலை வைத்ததை உன் காதில் மட்டும் சொல்லிவிட்டுத் தப்பிப்பது சரியாக இருக்காது. சுருளிக்கும் படித்துக் காட்டுவேன். பந்தயத்தில் அவன்தான் ஜெயித்தான்.

நான் சொல்வதைக் கேட்காமல், சனிக்கிழமை அவளை மிஷினில் ஏற்றத்தான் போகிறாய் என்றால், ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். அவள் கொலுசைக் கழற்றி வைப்பாள். மூச்சை வெளியே விடுவாள். ஒன்றரைக் கிலோ கூடியிருக்கும். என்ன தின்றாய் என்று கேட்காதே. அது என் விரல். நாற்பத்தொம்பதில் உன் கணக்கில் ஏறிய இரண்டரைக் கிலோவும் அதே விரல்தான். நீ இத்தனை வருஷம் பட்டினி கிடந்து இறக்கப் பார்ப்பது அதைத்தான். இரண்டையும் கழித்துவிட்டு, பிள்ளைக்குச் சோறு போடு. நீயும் உட்கார்.

எடை போட்டவன்,
உன் அப்பா